‘வாரத்துக்கு ஒருநாள்தானே!’: கல்லூரிப் பருவத்தில் குடி எந்த இடத்தில் சிக்கலாகிறது?

‘குடிகாரன்’ என்று சொன்னதும் நம் மலேசியத் தமிழ்ச் சமூகத்தில் எல்லார் கண்ணுக்கும் ஒரே ஆள்தான் தெரிவார். தோட்டத்து லயத்திலோ, மலிவுவிலை அடுக்குமாடியின் படிக்கட்டிலோ சம்சு என்ற மலிவுச் சாராயப் போத்தலோடு உட்கார்ந்திருக்கும் நடுத்தர வயது ஆண். வேலைக்கு ஒழுங்காகப் போகமாட்டார். வீட்டில் சண்டை ஓயாது. சம்பள நாளன்று கையில் காசு தங்காது. செத்தாப்பாக்கிலோ சுபாங் ஜெயாவிலோ நான்கைந்து பேரோடு வாடகை வீட்டில் தங்கிப் படிக்கும் பிள்ளை தன்னை அந்த ஆளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. வகுப்புக்குப் போகிறேன், அசைன்மென்ட் அனுப்பிவிடுகிறேன், சனிக்கிழமை மட்டும்தான் குடிக்கிறேன், அப்படியானால் எனக்கு ஒன்றும் இல்லை என்று கணக்கை முடித்துவிடுகிறது.

அந்த அளவுகோல்தான் தப்பு. படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவர் கடைசிக் கட்டத்தில் இருக்கிறார். கடைசிக் கட்டத்தை வைத்து முதல் கட்டத்தை அளந்தால் எல்லாரும் தேறிவிடுவார்கள். அவருக்கும் ஒரு காலத்தில் இருபது வயது இருந்தது. அவரும் சனிக்கிழமை மட்டும்தான் குடித்திருப்பார்.

நமக்கு இந்தப் பிம்பம் சும்மா வரவில்லை. ரப்பர்த் தோட்டங்களில் கள்ளுக்கடை தோட்ட நிர்வாகத்தின் ஆதரவோடே நடந்தது. கூலியாகக் கொடுத்த காசு அந்தக் கடை வழியாகத் திரும்பிப் போனது. 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு முன்னால் மறியல் செய்து போலீசாரோடு மோதும் அளவுக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. பிறகு சம்சு வந்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அதை எதிர்த்துப் பல ஆண்டுகளாகப் பிரசாரம் செய்திருக்கிறது. இத்தனை பட்ட சமூகத்தில் பிறந்த பிள்ளைகள் குடியைப் பற்றிப் பேசத் தெரியாமல் வளர்வதுதான் எனக்கு வருத்தம். வீட்டில் ‘தொடாதே’ என்பார்கள், நண்பர்கள் ‘அடி மச்சான்’ என்பார்கள். நடுவில் எதையும் விளக்கிச் சொல்ல ஆள் இல்லை. அந்த நடுவைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

குடிப்பவர், குடிகாரர் என்று இரண்டே பெட்டி கிடையாது

மருத்துவ உலகம் இதை ஒரு சரிவாகத்தான் பார்க்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டில் குடி தொடர்பான கோளாறுக்கு 11 அறிகுறிகள் உண்டு. நினைத்ததைவிட அதிகம் குடிப்பது, குறைக்க நினைத்தும் முடியாமல் போவது, குடிப்பதிலும் தெளிவதிலுமே நிறைய நேரம் போவது, குடியால் படிப்போ வேலையோ கெடுவது, உறவுகளில் தகராறு வந்தும் நிறுத்தாதது, ஆபத்தான இடங்களில் குடிப்பது என்று அது போகிறது. ஓர் ஆண்டுக்குள் இவற்றில் இரண்டு இருந்தாலே லேசான கோளாறு. நான்கோ ஐந்தோ இருந்தால் நடுத்தரம். ஆறும் அதற்கு மேலும் கடுமை. காலையில் எழுந்ததும் கை நடுங்குவது, வேலை போவது எல்லாம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதுதான் இதன் பொருள்.

கோளாறு என்று பெயர் வைக்கும் நிலைக்குக் கீழேயும் கவனிக்கவேண்டிய குடி உண்டு. கல்லூரிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நிற்பது அங்கேதான். அவர்கள் நோயாளிகள் இல்லை. ஆனால் குடிக்கும் விதம் ஆபத்தானது.

முதலில் அளவைத் தெரிந்துகொள்வோம்

‘நாலு பேக்’, ‘ரெண்டு கேன்’ என்று பேசும்போது யாருக்கும் உண்மையான அளவு தெரிவதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் தன் குடிப்பழக்கக் கேள்வித்தாளில் 10 கிராம் சுத்த ஆல்கஹாலை ஓர் அலகாக வைத்திருக்கிறது. கணக்கு சுலபம்: மில்லிலிட்டர் அளவை லேபிளில் உள்ள சதவீதத்தால் பெருக்கி, வருவதை 0.79-ஆல் பெருக்கினால் கிராம் வரும்.

நம் ஊரில் விற்கும் 320 மில்லி பீர் கேனில் 5 சதவீதம் என்று இருந்தால் அதில் 12.6 கிராம். ஒரு கேன் என்பது ஒன்றேகால் அலகு. அதே பீரில் ‘ஸ்ட்ராங்’ வகை, 500 மில்லி கேன், 8 சதவீதம் என்றால் 31 கிராமுக்கு மேல் போகும். பார்க்க ஒரு கேன்தான், உள்ளே மூன்று அலகு. 40 சதவீத விஸ்கியை 30 மில்லி அளந்து ஊற்றினால் ஏறக்குறைய ஓர் அலகு. வாடகை வீட்டில் யார் அளந்து ஊற்றுகிறார்கள்? பிளாஸ்டிக் கப்பில் கண்ணளவாக ஊற்றுவது பெரும்பாலும் இரண்டு அலகுக்குக் குறையாது.

இப்போது ஒரு சனிக்கிழமை இரவைப் பார்ப்போம். பாரில் குடித்தால் கட்டுப்படியாகாது என்று பிள்ளைகள் 700 மில்லி விஸ்கி போத்தல் ஒன்றைப் பங்கு போட்டு வாங்கி வீட்டிலேயே ஏற்றிக்கொண்டு வெளியே கிளம்புகிறார்கள். ஒரு போத்தலில் 22 அலகு இருக்கிறது. நான்கு பேர் சமமாகக் குடித்தால் ஆளுக்கு ஐந்தரை. வெளியே போய் ஆளுக்கு இரண்டு கேன் பீர் போட்டால் மொத்தம் எட்டு. ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ, அதாவது ஆறு அலகோ அதற்கு மேலோ குடிப்பதை உலகச் சுகாதார நிறுவனம் மட்டுமீறிய குடி என்று வகைப்படுத்துகிறது. இந்தப் பிள்ளைகள் அதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களைக் கேட்டால் ‘கொஞ்சமாத்தான்’ என்றே சொல்வார்கள். பொய்யும் இல்லை, அப்படித்தான் நம்புகிறார்கள்.

ஈரல் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஓர் அலகைத்தான் எரிக்கும். அதை விரட்ட முடியாது. தே தாரிக் குடித்தாலும், தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாலும், வாந்தி எடுத்தாலும் ரத்தத்தில் ஏறியது ஏறியதுதான். இரவு பத்து மணிக்குத் தொடங்கி எட்டு அலகு குடித்தவருக்குக் காலை ஆறு மணி வாக்கில்தான் ரத்தம் சுத்தமாகும். அதே போத்தலை இருவர் மட்டும் முடித்தால் ஆளுக்குப் பதினொன்று. காலை ஒன்பது மணி வரை போதை உள்ளே இருக்கும். எட்டு மணி வகுப்புக்கு மோட்டாரை எடுப்பவர் ‘நேற்று குடித்தேன்’ என்று நினைத்துக்கொண்டிருப்பார். உண்மையில் போதையோடுதான் ஓட்டுகிறார்.

மூன்றே கேள்வி

உலகச் சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் சோதித்துப் பார்த்து 1989-இல் வெளியிட்ட ‘ஆடிட்’ என்ற கேள்வித்தாள் இன்றும் உலகம் முழுக்கக் கிளினிக்குகளில் புழங்குகிறது. மொத்தம் பத்துக் கேள்வி, 40 புள்ளி. 8 புள்ளியோ அதற்கு மேலோ என்றால் ஆபத்தான குடி என்று எடுத்துக்கொள்வார்கள். 20-ஐத் தொட்டால் உடல் குடிக்கு அடிமைப்பட்டிருக்க வாய்ப்புண்டு, மருத்துவர் நேரில் பார்க்கவேண்டும். அதன் முதல் மூன்று கேள்விகளை மட்டும் வைத்தே ஒரு குறுஞ்சோதனை செய்யலாம். அதற்கு 12 புள்ளி. ஆண்களுக்கு 4, பெண்களுக்கு 3 வந்தாலே கவனிக்கவேண்டும்.

முதல் கேள்வி, எத்தனை தடவை குடிக்கிறீர்கள்? குடிப்பதே இல்லை என்றால் 0, மாதத்துக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவோ 1, மாதத்தில் இரண்டிலிருந்து நான்கு முறை 2, வாரத்தில் இரண்டு மூன்று முறை 3, அதற்கு மேல் 4. இரண்டாவது, குடிக்கும் நாளில் எத்தனை அலகு? ஒன்றிரண்டு என்றால் 0, மூன்று நான்கு 1, ஐந்து ஆறு 2, ஏழிலிருந்து ஒன்பது 3, பத்தோ அதற்கு மேலோ 4. மூன்றாவது, ஒரே அமர்வில் ஆறு அலகோ அதற்கு மேலோ எத்தனை தடவை? ஒருபோதும் இல்லை 0, மாதத்துக்கு ஒருமுறைக்கும் குறைவு 1, மாதம் ஒருமுறை 2, வாரம் ஒருமுறை 3, ஏறக்குறைய தினமும் 4.

நம் சனிக்கிழமைப் பிள்ளையை இதில் நிறுத்துங்கள். மாதம் நான்கு முறை, அதற்கு 2. எட்டு அலகு, அதற்கு 3. வாரம் ஒருமுறை ஆறைத் தாண்டுகிறார், அதற்கு 3. கூட்டினால் 8. குறுஞ்சோதனையின் எல்லையைப்போல் இருமடங்கு. முழுத் தாளின் எல்லையையே மூன்று கேள்வியில் தொட்டுவிட்டார். மீதி ஏழு கேள்விகளை இன்னும் கேட்கவே இல்லை.

‘வாரத்துக்கு ஒருநாள்தானே’ என்ற பேச்சை இந்தக் கணக்கு ஒரு நிமிடத்தில் உடைத்துவிடுகிறது. தினமும் ஒரு கேன் குடிப்பவரைப் பார்த்துப் பயப்படுகிறோம், வாரம் ஒருமுறை மட்டையாகிறவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். கைகால் முறிவது, சாலை விபத்து, நச்சேறி ஆஸ்பத்திரிக்குப் போவது எல்லாம் இளவயதில் பெரும்பாலும் அந்த ஒருநாள் கூத்தில்தான் நடக்கிறது.

மறந்துபோன இரவு

மறுநாள் மதியம் இப்படி ஒரு பேச்சை நீங்கள் கேட்டிருப்பீர்கள்:

“மச்சான், நேத்து நான் எப்படிடா வீட்டுக்கு வந்தேன்?”

“நீதான்டா கிராப் புக் பண்ணுன. டிரைவர் அண்ணன்கிட்ட வழி முழுக்க உன் எஸ்பிஎம் பரீட்சைக் கதையெல்லாம் சொல்லிக்கிட்டே வந்த.”

“சத்தியமா ஒண்ணுமே ஞாபகம் இல்லடா.”

வீடே சிரிக்கும். அடுத்த மாதமும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இது சிரிக்கவேண்டிய விஷயம் இல்லை. அன்று அவர் மயங்கிக் கிடக்கவில்லை. நடந்தார், பேசினார், காசு கொடுத்தார். ஆனால் மூளையில் நினைவைப் பதிவு செய்யும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி வேலை நிறுத்தம் செய்துவிட்டது. ரத்தத்தில் ஆல்கஹால் வேகமாக ஏறும்போது, குறிப்பாக வெறும் வயிற்றில் மடமடவென்று குடிக்கும்போது, இது நடக்கும். பதிவே ஆகாததால் பிறகு எவ்வளவு யோசித்தாலும் நினைவு வராது. அந்த இரண்டு மணி நேரத்தில் நீங்கள் எதற்குச் சம்மதித்தீர்கள், யாரிடம் என்ன பேசினீர்கள், யார் உங்களிடம் எப்படி நடந்துகொண்டார்கள் என்று உங்களுக்கே தெரியாது. ஒரு தடவை நடந்தாலும் இதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவேண்டும். திரும்பத் திரும்ப நடந்தால் ஒரு மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும். என்னைக் கேட்டால், ஒரு மாணவரின் குடியைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் இதைத்தான் கேட்பேன்.

‘எனக்கு ஏறவே மாட்டேங்குது’

நண்பர்கள் செட்டில் ஒருவர் இருப்பார். எல்லாரும் சாய்ந்த பிறகும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். ‘அவனுக்கு கெப்பாசிட்டி ஜாஸ்தி’ என்று பெருமையாகச் சொல்வார்கள். அவரைத்தான் கவனிக்கவேண்டும்.

குடி மூளையின் வேகத்தைக் குறைக்கிறது. அடிக்கடி குறைத்துக்கொண்டே இருந்தால் மூளை அதற்கு ஈடாகத் தன் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. அதனால்தான் முன்பு மூன்று அலகில் வந்தது இப்போது ஆறில் வருகிறது. வெளியே தள்ளாட்டம் தெரியாதே ஒழிய, ஈரலுக்குப் போகும் விஷம் ஆறு அலகுக்கு உரியதுதான். குடி இறங்கிய பிறகும் மூளை அந்தக் கூடுதல் வேகத்தில்தான் ஓடும். மறுநாள் காரணமே இல்லாமல் நெஞ்சு படபடப்பது, எரிச்சல் வருவது, விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு முழிப்புத் தட்டுவது எல்லாம் அதன் வேலை. ‘குடிச்சாத்தான் தூக்கம் வருது’ என்பவர்களுக்குச் சீக்கிரம் கண் சொக்கும், உண்மைதான். ஆனால் பின்னிரவுத் தூக்கம் சிதறிப்போகும். பகலில் படித்தது மனத்தில் பதிவதற்குத் தூக்கம் வேண்டும். பரீட்சை வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமையின் விலை அதில் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரானவரும் உண்டு. ஒரு கேன் குடித்ததும் முகம் சிவந்து, நெஞ்சு அடித்துக்கொள்ளும். சீன நண்பர்களில் பலருக்கு இப்படி ஆவதைப் பார்த்திருப்பீர்கள். குடி உடலில் அசெட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறி, பிறகுதான் கரையும். அதைக் கரைக்கும் நொதி பிறவியிலேயே அவர்களுக்குச் சரியாக வேலை செய்வதில்லை. ‘பழகினா சரியாயிடும்’ என்று அவர்களை வற்புறுத்துவது கொடுமை. பழகினாலும் நச்சு உள்ளே தங்கத்தான் செய்யும். உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அவர்களுக்குக் கூடுதல். பொதுவாகவே மதுவை சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது.

குடி உங்களுக்கு என்ன வேலை செய்து தருகிறது?

அளவைவிட இந்தக் கேள்வி முக்கியம் என்று நினைக்கிறேன். கல்யாண வீட்டில் உறவுக்காரர்களோடு ஒரு கேன் குடிப்பது ஒரு விதம். வீட்டில் நிலைமை சரியில்லை, பி.டி.பி.டி.என். கல்விக் கடன் காசு இன்னும் வரவில்லை, வகுப்பில் நான் ஒருவன்தான் தமிழ், ஆங்கிலத்தில் பிரசன்டேஷன் செய்ய வாய் வரவில்லை, காதலித்த பெண் பேசுவதில்லை என்று மனத்தில் ஒரு பாரம் இருந்து, அதை இறக்கிவைக்கக் குடிப்பது முற்றிலும் வேறு விதம். இரண்டாவது விதத்தில் அளவு குறைவாக இருந்தாலும் அது சீக்கிரம் வளரும். பாரம் அப்படியே இருக்கும், குடி இறங்கியதும் இன்னும் கனக்கும். அடுத்த தடவை முன்னைவிடச் சீக்கிரமாகக் கை போத்தலைத் தேடும்.

உங்களுக்கு நீங்களே சில விஷயங்களை நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு கேனோடு நிறுத்துவேன் என்று சொல்லிவிட்டுப் போய் எத்தனை தடவை நிறுத்தினேன்? குடி இல்லாத பிறந்தநாள் விருந்துக்குப் போகப் பிடிக்காமல் தட்டிக் கழிக்கிறேனா? கடன் காசு கணக்கில் விழுந்த வாரமும் மாதக் கடைசியும் என் குடியில் ஒரே மாதிரி இருக்கின்றனவா? சாப்பாட்டுக் காசில் கை வைத்தேனா? எத்தனை குடித்தேன் என்று ரூம்மேட் கேட்டால் குறைத்துச் சொல்கிறேனா? ‘கொஞ்சம் குறைடா’ என்று ஒருவர் சொன்னபோது எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது? அந்தக் கோபத்தை மருத்துவர்களும் ஓர் அறிகுறியாகவே கேட்டுப் பார்க்கிறார்கள். கூச்சமில்லாத விஷயத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நமக்குச் சுருக்கென்று தைக்காது.

அப்பா குடித்தவர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். குடிநோய்க்கு ஆளாகும் தன்மையில் ஏறக்குறைய பாதி பரம்பரை வழியாக வருகிறது என்று இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மீதிப் பாதி சூழ்நிலை. ‘அப்பா மாதிரி ஆகமாட்டேன்’ என்று சபதம் எடுத்த பிள்ளைகளை நிறையப் பார்க்கலாம். சபதம் நல்லதுதான். ஆனால் அப்பாவின் கடைசிக் காலத்தை மனத்தில் வைத்து எடுத்த சபதமாக இருந்தால், தன் இருபது வயதுக் குடி அவர்கள் கண்ணில் படாது.

பெண் பிள்ளைகள் பற்றி யாரும் பேசுவதில்லை

ஒரே எடையுள்ள ஆணும் பெண்ணும் ஒரே அளவு குடித்தால் பெண்ணின் ரத்தத்தில்தான் ஆல்கஹால் அதிகம் ஏறும். பெண் உடலில் நீரின் பங்கு குறைவு என்பதே முக்கியக் காரணம். குறுஞ்சோதனையில் பெண்களுக்கு எல்லை 3 என்று வைத்திருப்பதும் அதனால்தான்.

ஆனால் நம் பெண்களுக்கு உடலைவிடப் பெரிய சிக்கல் வாய் திறக்க முடியாதது. பையன் குடித்தால் ‘பசங்கன்னா அப்படித்தான்’ என்று விட்டுவிடும் அதே சொந்தக்காரர்கள் பெண் குடித்தாள் என்று தெரிந்தால் குடும்ப மானமே போனதாகப் பேசுவார்கள். அதனால் அந்தப் பெண் அறைக்குள் தனியாகக் குடிக்கிறாள், போத்தலைப் பையில் மறைத்துக் கொண்டுபோய் வெளியே போடுகிறாள், தலைவலி என்று சொல்லி வகுப்பை விடுகிறாள். உதவி கேட்டால் மானம் போகும் என்ற பயத்தில் எல்லாருக்கும் கடைசியாகத்தான் வருகிறாள். இது நம் சமூகம் அவளுக்குச் செய்யும் அநியாயம். உங்கள் தோழி ஒருத்தி இப்படி இருந்தால் அவளுக்கு முதலில் தேவைப்படுவது அதிர்ச்சி அடையாத ஒரு முகம்.

சட்டமும் ஆபத்தும்

மலேசியாவில் 2017 டிசம்பர் 1 முதல் 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. அதற்கு முன் 18. டிப்ளோமா படிக்கும் பலர் இந்த வயதுக்குக் கீழேதான் இருக்கிறார்கள். அரசுப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் மது கொண்டுபோனால் ஒழுங்கு நடவடிக்கை வரும், மாணவர் விடுதியில் இடம் பறிபோகலாம்.

2020 அக்டோபரில் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கடுமையானது. 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் என்றிருந்த எல்லை 50 ஆனது. முதல் தடவை பிடிபட்டாலே 10,000 வெள்ளி (ரிங்கிட்) முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை. குடித்துவிட்டு ஓட்டி யாராவது இறந்துபோனால் 10-லிருந்து 15 ஆண்டு சிறை, அபராதம் 50,000-லிருந்து 100,000 வெள்ளி. பட்டப்படிப்பை முடிக்க வேண்டிய வயதில் அது வாழ்க்கையையே விழுங்கும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று பெயர் தெரியாத போத்தலை வாங்காதீர்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மதுவால் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனால் வாசனையிலும் சுவையிலும் தனியாகத் தெரியாது. பல மணி நேரம் கழித்துத்தான் வயிற்றுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல் என்று வரும். ஹேங்ஓவர் என்று நினைத்துப் படுத்துவிட்டால் கண் போகும், உயிரும் போகும். குடித்த மறுநாள் பார்வை மங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். சீக்கிரம் போனால் முறிமருந்து உண்டு.

நண்பர் மட்டையாகிவிட்டால் ‘தூங்கட்டும் விடு’ என்று கதவைச் சாத்திவிட்டுப் போகாதீர்கள். வயிற்றில் இருக்கும் மது தூக்கத்திலும் ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். உலுக்கினாலும் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவு, இரண்டு மூச்சுக்கு நடுவில் பத்து நொடி இடைவெளி, உடம்பு சில்லென்றோ உதடு நீலமாகவோ இருக்கிறது, தூக்கத்திலேயே வாந்தி எடுக்கிறார் என்று இவற்றில் ஒன்று இருந்தாலும் 999-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மல்லாந்து படுத்து வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாய் அடைத்துவிடும். வீட்டில் திட்டுவார்கள், விடுதியில் கேள்வி வரும் என்று யோசித்துக்கொண்டு நிற்கும் நேரம் அது இல்லை.

இது நான்தான் என்று தோன்றினால்

ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். யாரிடமும் அறிவிக்கவேண்டாம், மருந்து சாப்பிடுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். சுலபமாக முடிந்தால் உங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்துவிடும். இரண்டாவது சனிக்கிழமையிலேயே மனம் ஏதோ ஒரு நியாயம் கண்டுபிடித்துக் கொடுத்தால், அதுவும் தெரியவேண்டிய விஷயம்தான். முழுக்க நிறுத்த மனமில்லாதவர்கள் சாப்பிட்டுவிட்டுத் தொடங்குவது, ஒவ்வொரு அலகுக்கும் நடுவில் ஒரு கிளாஸ் தண்ணீர் குடிப்பது, எனர்ஜி டிரிங்க் கலக்காமல் இருப்பது என்று குறைக்கலாம். எனர்ஜி டிரிங்க் போதையைக் குறைக்காது, அயர்வை மட்டும் மறைக்கும். அதனால் இன்னும் குடிக்கச் சொல்லும்.

ஓர் எச்சரிக்கை. பல வாரங்களாகத் தினமும் அதிகம் குடித்துவருபவர், காலையில் கை நடுங்கி வியர்ப்பவர் திடீரென்று தானாக நிறுத்தக் கூடாது. வேகத்தைக் கூட்டி வைத்திருக்கும் மூளை கட்டறுந்து வலிப்பில் கொண்டுபோய் விடலாம். மருத்துவர் மேற்பார்வையில் மருந்தோடு படிப்படியாக நிறுத்தவேண்டும்.

நண்பருக்காகப் படிக்கிறீர்கள் என்றால், அவர் போதையில் இருக்கும்போது பேசாதீர்கள். மாமாக் சாப்பாட்டுக் கடையில் பகல் வேளையில், இருவர் மட்டும் இருக்கும்போது பேசுங்கள். ‘நீ குடிகாரனாயிட்டடா’ என்றால் அவர் உடனே அந்தப் படிக்கட்டு ஆளை நினைத்துக்கொண்டு ‘நான் அப்படியா?’ என்று சண்டைக்கு வருவார். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: “போன சனிக்கிழமை நீ பாத்ரூம்ல விழுந்து கெடந்தப்ப எனக்கு உண்மையிலயே பயமா இருந்துச்சுடா. மூச்சு வருதான்னு விடியிற வரைக்கும் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.” முதல் தடவை கோபப்படுவார். பேச்சை அங்கேயே விட்டுவிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி சொல்லுங்கள்.

மலாயாப் பல்கலைக்கழகம், பினாங்கில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகம் உட்பட அரசுப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றிலும் மாணவர் ஆலோசனைப் பிரிவு உண்டு. தனியார் கல்லூரிகள் பலவற்றிலும் இருக்கிறது. மனம் மிகவும் கனத்துப்போன இரவில் யாரிடமாவது பேசவேண்டும் என்றால் கோலாலம்பூர் பிஃப்ரண்டர்ஸ் எண் 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம், அங்கிருந்து மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் எப்படித் தொடங்குவது என்று வாய் வராவிட்டால், அந்த மூன்று கேள்விக்கும் உங்கள் பதிலை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். மீதியை அவர் கேட்டுத் தெரிந்துகொள்வார்.